இடது வரிசைக்குச் சீக்கு இல்லை

மரத்துக்குச் சீக்கு என்று முதலில் சொன்னவர் ரசமட்டம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவரான நாளிலிருந்து எல்லோருக்கும் அவர், கொத்தனார் சுவருக்கு மட்டம் பார்க்கிற அந்த ரசமட்டம்தான். சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் நிமிர்த்தாமல் நகர மாட்டார். வாசலில் மிதியடி கோணலாகக் கிடந்தால் காலால் தள்ளிச் சரிசெய்த பிறகுதான் வணக்கமே சொல்வார். அந்த மனிதர் ஒரு நாள் காலையில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, அலங்காரப் பனையான ராயல் பாம் வரிசையை அண்ணாந்து பார்த்தார். "இடது பக்கம் பூராவும் சீக்கும்மா. வெட்டிட்டுப் புதுசு வச்சிடலாம்" என்றார். கையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் தரையில் விட்டெறிந்தேன். கோபத்தில்தான்.

நான் அங்கே தோட்டப் பொறுப்பாளர். கோபக்காரி என்பதும் உண்மைதான். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி ஆன்ட்டி என்பார்கள். பந்து எடுக்கிற சாக்கில் பாத்தியை மிதிக்கிறவனுக்கு நான் வேறெப்படித் தெரிவேன்? வாசலிலிருந்து உள்ளே மன்றக் கட்டடம் வரைக்கும் போகிற சாலைக்கு இரண்டு பக்கமும் நிற்கிற அந்த மரங்களை நான்தான் வைத்தேன். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதற்கும் முன்னால் வைத்தவை. இடுப்புயரக் கன்றாக வந்து, இன்றைக்கு மூன்றாம் மாடிக்காரர்களின் துணிக்கொடியை எட்டிப் பார்க்கின்றன. கன்றுகளைக் கொடுத்தவன் என் தம்பி. புறவழிச் சாலையில் நர்சரி வைத்திருக்கிறான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கடைசியில் என் வயிறு எரிந்தது ரசமட்டத்தால் இல்லை.

ரசமட்டத்தின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் இருந்தது. வலது வரிசையில் ஒவ்வொரு மரமும் கடைந்தெடுத்த தூண் மாதிரி அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக நின்றது. மட்டைகள் மேலேயும் பக்கவாட்டிலும் விரிந்திருந்தன. ஒன்றுகூடக் கீழே தொங்கவில்லை. அதனால் தண்டுக்கு மேலே இருக்கிற அந்தப் பச்சைக் கழுத்து பளபளவென்று தெரிந்தது. இடது வரிசைக்கு நடுத்தண்டில் தொப்பை. அடிமட்டைகள் தளர்ந்து விழுந்து கழுத்தை மூடிக்கொண்டிருந்தன. கீற்றுகளோ எண்ணெய் காணாத தலை மாதிரி நாலா பக்கமும் பறந்தன. எதையும் நேர்கோட்டில் பார்த்துப் பழகியவருக்கு அது சீக்காகத்தான் தெரியும்.

எனக்கே அந்த வரிசைமேல் கொஞ்ச நாளாகச் சந்தேகம் இருந்தது. பசிதான் போலிருக்கிறது என்று பொட்டாஷ் உரம் வைத்துப் பார்த்தேன். மரம் நன்றாகச் சாப்பிட்டது, சாப்பிட்டுவிட்டு அப்படியே தலைவிரித்து நின்றது. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, நுனிக்கருகல் இல்லை. சீக்கு என்றால் எங்கே சீக்கு என்று காட்ட வேண்டாமா?

ரசமட்டம் வெட்டுகிற பேச்சை எடுத்த அன்று மத்தியானமே ஒரு காரியம் செய்தேன். ராயல் பாமில் ஒரு வசதி. பழுத்த மட்டையை யாரும் ஏறி வெட்ட வேண்டாம், தானாகவே கழன்று விழும். இடது வரிசையில் விழுந்தது ஒன்று, வலது வரிசையில் விழுந்தது ஒன்று, இரண்டையும் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்து சாமான் அறைத் தரையில் போட்டேன். வலது மட்டை பாய் விரித்த மாதிரி தரையோடு தரையாகப் படிந்தது. இடது மட்டை படியவே இல்லை. பாதிக் கீற்று தரையில் கிடந்தால் மீதி எழுந்து நின்றது. காலால் அழுத்தினேன். எடுத்ததும் மறுபடி எழுந்தது. ஒரே நடு நரம்பிலிருந்து கீற்றுகள் மேலும் கீழும் சாய்வுமாக, கண்ட பக்கமெல்லாம் கிளம்பியிருந்தன. வலது மட்டையில் பக்கத்துக்கு ஒரு வரிசைதான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இது சீக்கு இல்லை, பிறப்பு. இரண்டுமே ராயல் பாம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு இனம். பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் மாதிரி. தோட்டக்கலை டிப்ளமோவில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டிருந்தேன். அதாவது தம்பி எனக்கு இரண்டு இனத்தைக் கலந்து கொடுத்திருக்கிறான். லாரியில் ஒரு பக்கம் ஏற்றியது சாலைக்கு ஒரு பக்கமாகவே இறங்கியிருக்கிறது.

போன் செய்ததும் வந்துவிட்டான். அதைச் சொல்ல வேண்டும், அக்கா கூப்பிட்டால் ஓடி வருகிறவன்தான். சாமான் அறைக்குள் கூட்டிப்போய் இரண்டு மட்டையையும் காட்டினேன். மிதித்துப் பார் என்றேன். மிதித்தான். முகம் சுண்டிப்போயிற்று. விதை பற்றாமல் பாதிக் கன்றுகளை இன்னொரு நர்சரியிலிருந்து வாங்கிப் போட்டதாக மென்று விழுங்கிச் சொன்னான். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன என்றான்.

அது உண்மை. இந்த இரண்டும் கன்றாக இருக்கையில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வளர்ந்து, தண்டு தெரிந்து, முழு மட்டை விட்ட பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். அன்றைக்கு நானேதான் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன், எனக்கு மட்டும் தெரிந்ததா? அதனால் அதில் எனக்குக் கோபமே இல்லை. நடந்ததைச் சங்கத்தில் சொல்லிவிட்டால் முடிந்தது, மரமும் பிழைக்கும் என்றேன்.

அவன் கதவைச் சாத்தினான்.

"சீக்குன்னே இருக்கட்டும்க்கா."

"என்னது?"

"சீக்குன்னா அது யார் தப்பும் இல்ல. கலப்படம்னா என் பேரு நாறிடும். தலைவரோட மச்சான் கட்டுற ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க தோட்டம் மொத்தத்துக்கும் நான்தான் கன்னு தரப்போறேன். இந்த நேரத்துல நீ போய் ரெண்டு இனம், அது இதுன்னா, எல்லாம் போச்சு. இதை வெட்டட்டும். நானே புதுக் கன்னு தரேன்."

கடுகாக வெடித்தேன். முழு ஆரோக்கியமாக நிற்கிற ஒரு வரிசையை, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை, இவன் பெயர் கெடக் கூடாது என்பதற்காக அறுத்துப் போட வேண்டுமாம். உனக்குக் கூசவில்லையா என்று கேட்டேன்.

"மரம்தானேக்கா" என்றான்.

"மரம்தானா? அப்போ நீ நர்சரில என்னடா விக்கிற, மண்பானையா?"

"உனக்கு மரம் பெருசா, தம்பி பெருசா?"

"பொய் சொல்லச் சொல்ற தம்பி ரொம்பச் சின்னதுடா."

அவன் கண் கலங்கியது. கலங்கினால் நான் இளகிவிடுவேன் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், எனக்கும் அது தெரியும், இருந்தும் இளகினேன். அதுதான் என் கிறுக்குத்தனம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். "நீயே உன் வாயால சொல்லிடு. தெரியாம நடந்துச்சுன்னு சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். தலையாட்டினான். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டும் போனான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவனும் பிழைக்க வேண்டும் இல்லையா, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன் என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன டீதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை மன்றத்தில் வைக்காமல் மரத்தடியிலேயே வைத்தார்கள். தெருவிளக்கு மாற்ற ஒரு தூக்கு வண்டி வந்து நின்றது. மரம் அறுக்கிறவர்களுக்கு மறுநாளுக்குச் சொல்லியாகிவிட்டது. ரசமட்டம் பிளாஸ்டிக் நாற்காலிகளை நூல் பிடித்த மாதிரி போடச் சொல்லி, அதில் ஒன்றை மறுபடி நகர்த்தியும் வைத்தார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். சரி, மனசு திருந்திவிட்டான் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அவன் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"குருத்தழுகல். உள்ளுக்குள்ளேயே அழுகிக்கிட்டு வருது. இப்ப வெட்டலேன்னா அந்தப் பக்க வரிசைக்கும் பரவிடும்."

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. என் முகத்துக்கு நேரே, நான் அங்கே கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது, என் காதிலேயே பூச்சுற்றுகிறான். என்னைப் பார்க்காமல் ரசமட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எந்த மருந்துக்கும் இது கேட்காது என்று வேறு விளக்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்தேன். அப்போதும் அவனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. குருத்தழுகல் கிடையாது என்று மட்டும் சொன்னேன். கொண்டுவந்திருந்த இரண்டு மட்டையையும் தரையில் போட்டுக் காட்டினேன். ரசமட்டம் குனிந்து பார்த்துவிட்டு, இடது மட்டை இப்படிப் பறட்டையாக இருக்கிறதே, இதுதானே சீக்கு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சரி, அப்படியென்றால் சோதித்தே பார்த்துவிடலாம் என்றேன். குருத்தழுகல் வந்த மரத்தில் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் வெண்ணெயில் சொருகின கத்தி மாதிரி கையோடு வந்துவிடும். அடி பழுப்பாகக் கூழாகியிருக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். நல்ல மரத்தில் ஆளே தொங்கினாலும் குருத்து அசையாது. தூக்கு வண்டி இங்கேயே நிற்கிறது, நான் ஏறி இழுக்கிறேன் என்றேன்.

ரசமட்டம் கையைக் காட்டித் தடுத்தார். "நீங்க வேணாம்மா. நீங்க அந்த மரத்துக்கெல்லாம் அம்மா மாதிரி, உங்களுக்கு இழுக்க மனசு வராது. அழுகல்னு சொன்னவரே ஏறட்டும்" என்றார். சிரிப்பு எழுந்தது. வண்டியின் கூடையில் ஓர் ஆளுக்குத்தான் இடம்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் சந்தோஷம்தான். கீழே நாலு பேருக்கு முன்னால் வாய் பொய் சொல்லலாம். மேலே போய் ஒரு பச்சைக் குருத்தைக் கையில் பிடித்தால் அந்தக் கை பொய் சொல்லாது என்று நினைத்தேன். நாள் முழுக்கக் கன்றோடு கிடக்கிறவன் இல்லையா?

கூடை மெல்ல உயர்ந்தது. தொங்கிய மட்டைகளை விலக்கிக்கொண்டு தம்பி உள்ளே போனான். கீழேயிருந்து பார்த்தால் அவன் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. மட்டை அசைந்தது, நின்றது, பிறகு வேகமாக அசைந்தது. எல்லோரும் கழுத்து வலிக்கப் பார்த்தோம். இழுத்துப் பார்க்க இவ்வளவு நேரமா என்று எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

கூடை இறங்கியபோது அவன் கையில் குருத்து இருந்தது. விரியாமல் மடிந்த இளம்பச்சைக் குருத்து, அவனைவிட உயரம்.

"கையோட வந்துடுச்சுங்க" என்றான். ரசமட்டத்திடம்தான் சொன்னான்.

கூட்டத்தில் த்சொ த்சொ என்ற சத்தம். யாரோ என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் போய்க் குருத்தை அவன் கையிலிருந்து வாங்கினேன். அவன் உடனே விடவில்லை, இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தேன். பழுப்பு இல்லை, கூழ் இல்லை. தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை வெளேர் என்று, சாய்வாக, ஒரே வீச்சில் அறுபட்டிருந்தது. சாறு சொட்டி என் மணிக்கட்டில் வழிந்தது. முகர்ந்தேன். வெள்ளரிப் பிஞ்சு வாசம்.

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை. பனைக் குடும்பத்து மரத்துக்குக் குருத்து கிளம்புகிற முளை ஒன்றே ஒன்றுதான். கத்தி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தால் அந்த மரம் அதோடு முடிந்தது. இது எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அறுத்திருக்கிறான்.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கத்தியை எடு" என்றேன்.

"எந்தக் கத்தி?"

"பின் பாக்கெட்ல இருக்கே, மடக்குக் கத்தி. நர்சரி திறந்த அன்னைக்கு நான் வாங்கிக் குடுத்தது. எடு."

அவன் என்னைப் பார்த்தான், ரசமட்டத்தைப் பார்த்தான். கை பின்னால் போயிற்று. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். விரித்தேன். அலகில் ஈரம் காயவில்லை, மடிப்பில் பச்சை நார் சிக்கியிருந்தது.

ரசமட்டம் வந்து குருத்தின் அடியை விரலால் தொட்டு, மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"அப்போ ரெண்டு பக்கமும் ஏம்மா வேற வேற மாதிரி நிக்குது?"

வாய் திறக்க மாட்டேன் என்று அவனுக்குக் கொடுத்த வாக்கு அவன் உண்மையைச் சொன்னால் மட்டும்தான். சொன்னேன். இரண்டு இனம், என் தம்பி கலந்து கொடுத்தது, தெரியாமல் கலந்தது. தொப்பையும் தொங்கலும் இந்த இனத்துக்குப் பிறவிக் குணம். கன்றில் கண்டுபிடிக்க அவனாலும் முடியாது, என்னாலும் முடியாது. இப்போது இதை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தாலும் அது எந்த இனம் என்று தெரிய நாம் எல்லோரும் கிழடாக வேண்டும். சந்தேகம் இருந்தால் கன்று தரப்போகிறவனையே கேளுங்கள் என்றேன்.

ரசமட்டம் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க தரப்போற கன்னு எந்த இனம்?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுங்க" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ரசமட்டம் சாலையின் நடுவில் போய் நின்று, இடதும் வலதுமாக வெகுநேரம் பார்த்தார். மரம் அறுக்கிறவர்களுக்கு அவரே போன் செய்து வர வேண்டாம் என்றார். மச்சானுக்கும் செய்திருப்பார், நான் கேட்கவில்லை. நாற்காலிகளைக் கலைந்தபடியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனது அன்றைக்கு ஒரு நாள்தான்.

தம்பி தன் வேனை நோக்கிப் போனான். பின்னாலேயே போனேன். ஒரு வார்த்தை, தப்பு செய்துவிட்டேன்க்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று போனேன். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பேசினான்.

"நீ பேசாம இருந்திருந்தா மரம்தான் போயிருக்கும். இப்ப நான் போயிட்டேன்."

"நீயேதான்டா அறுத்துக்கிட்ட" என்றேன்.

வேன் கிளம்பிவிட்டது. கத்தி என் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரி வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. தம்பி மனைவி போன் செய்து அழுதாள், அழுது முடித்ததும் திட்டினாள். கூடப் பிறந்தவனை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்திய கல்நெஞ்சக்காரி என்றாள். சொல்லட்டும். அவன் அறுத்த இடத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தினமும் காலையில் அந்த மரத்தடியில் போய் நின்றவளும் நான்தான். குருத்து மறுபடி எழுமா, உள்ளேயே கருகிவிடுமா என்று அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது.

எழுந்தது. அறுபட்ட அதே குருத்துதான் மேலே வளர்ந்து வந்து மட்டையாக விரிந்தது. ஆனால் நுனியே இல்லை. கீற்றெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினது மாதிரி மொட்டையாக இருக்கிறது. வரிசையில் மற்ற மட்டைகள் எல்லாம் கூராகக் காற்றில் ஆடுகையில் இது ஒன்று மட்டும் துடைப்பக்கட்டை மாதிரி நிற்கிறது. மரத்துக்குக் கிராப்பு வெட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் சிரிக்கின்றன. வாசலுக்குள் நுழைகிற யாருக்கும் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. ரசமட்டம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஒரு மட்டையை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று கெஞ்சிக் கேட்டார். அந்த மரத்தில் இனி ஒரு கத்தியும் படாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்னிடம் பயம் வந்திருக்கிறது, நல்லதுதான்.

போன வாரம் தம்பி மனைவி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை திட்டவில்லை. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, உங்களிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்கிறார், எப்போது பேசுவீர்கள் அண்ணி என்றாள். ஜன்னல் வழியாக அந்த மொட்டை மட்டை தெரிந்தது.

"அவன் அறுத்த மட்டை விழட்டும், அன்னைக்குப் பேசுறேன்" என்றேன்.

"அது எப்போ விழும் அண்ணி?"

ராயல் பாமில் புதுமட்டை ஒவ்வொன்றாக வரவர, பழையது ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். முதலில் நிமிர்ந்து நிற்கும், பிறகு படுக்கும், பிறகு தளர்ந்து கழுத்தை மூடும், கடைசியில் ஒரு நாள் தானாகவே கழன்று விழும். வருஷத்துக்கும் மேலே ஆகும். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

"அவனைக் கேளு. அவனுக்குத் தெரியும்" என்று சொல்லி போனை வைத்தேன்.